புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஏன் வேணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைங்ககிட்டப் பேசப் போனா முதல்ல வர்ற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீட் கிடைக்கலன்னா கேன்சர் ஆராய்ச்சி பண்ண முடியாதா?" முடியும்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா எப்படி முடியும், வழியில எங்கெல்லாம் தடுக்கும், அதைவிட முக்கியமா இந்த ஊர்ப் பிள்ளைங்க அந்த வேலைக்கு எதுக்காக வேணும், எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னாதான் அந்தப் பதிலால ஏதாவது பிரயோஜனம். என் நோட்டுல அங்கங்க குறிப்பாக் கிடந்ததை இங்க ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிறேன்.

என்னைப் பத்தி ஒரே வரி: ராஜபாளையத்துல வளர்ந்து, உயிரிப் புள்ளியியல் படிச்சு, நோய்ப் பதிவேட்டுக் கணக்குகளோட வேலை பார்க்கிறேன். ஊசி போடத் தெரியாது. அதனால கீழே எழுதுறது டாக்டர் பார்வை இல்ல, கணக்குப் பார்க்கிறவன் பார்வை.

ஆராய்ச்சியாளர்னா யாரு?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு புது வழி இருக்குன்னு வைங்க. அது நிஜமா உயிரைக் காப்பாத்துதான்னு தெரிஞ்சுக்க எத்தனை பேர் வேணும்? பரிசோதனை செய்ய நர்ஸ். திசுவை எடுத்துப் பதப்படுத்தி கண்ணாடித் துண்டுல ஏத்த லேப் டெக்னீசியன். அதை நுண்ணோக்கியில பார்த்துச் சொல்ல நோய்க்குறியியல் மருத்துவர். வைரஸோட மரபணுவைப் படிக்க மூலக்கூறு உயிரியல் படிச்சவர். வந்த தரவை ஒழுங்குபடுத்த புரோகிராம் எழுதுறவர். எத்தனை பேரைச் சேர்க்கணும், எத்தனை வருஷம் பின்தொடரணும்னு முன்னாடியே கணக்குப் போட புள்ளியியல்காரர். வீடு வீடாப் போய் பெண்களை ஒத்துக்க வைக்க, அவங்க சொல்றதைக் குறிச்சுக்கிட்டு வர களப்பணியாளர். கேள்வித்தாளை மக்கள் பேசுற மொழியில எழுத சமூக அறிவியல் படிச்சவர்.

இவங்கள்ல எம்.பி.பி.எஸ். கட்டாயம் வேணும்கிறது ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். மத்தவங்க பி.எஸ்சி. விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர், நர்சிங், சமூகப்பணின்னு பல வாசல்ல இருந்து வந்தவங்க. நம்ம ஊர்ல புற்றுநோய்னா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னா டாக்டர்னு ஒரே கோடா மனசுல பதிஞ்சிருக்கு. அதனாலதான் நீட் முடிவு வந்த அன்னைக்கே பல பிள்ளைங்க இந்தத் துறையை மனசுல இருந்து அழிச்சிடுறாங்க.

யாரோட கட்டி, எந்த ஊர்ப் பஞ்சு?

எல்லாத் தரப்புல இருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வரணும்னு சொன்னா, அதை ஒரு நியாயத்துக்காகச் சொல்றதாவே நிறையப் பேர் எடுத்துக்குறாங்க. நியாயம் இருக்கட்டும். அறிவியலுக்கே அது தேவைன்னு காட்ட ரெண்டு உதாரணம் சொல்றேன்.

முதல் உதாரணம் மரபணு. அமெரிக்காவுல 2006ல 'புற்றுநோய் மரபணு வரைபடம்'னு ஒரு பெரிய திட்டம் ஆரம்பிச்சாங்க. 33 வகைப் புற்றுநோய், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். இன்னைக்கு உலகம் பூரா ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துறது அந்தத் தரவைத்தான். ஆனா அதுல இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க ஐரோப்பிய வம்சாவளி. இதனால நமக்கு என்ன பிரச்சினை? ஒரு நோயாளியோட மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்குன்னு வைங்க. அது நோயை உண்டாக்குற மாற்றமா, சும்மா இருக்குற மாற்றமான்னு முடிவு பண்ண, அதே மக்கள்கிட்ட அந்த மாற்றம் எவ்வளவு சாதாரணம்னு தெரியணும். தெரியலன்னா அறிக்கையில 'பொருள் தெரியாத மாற்றம்'னு எழுதுவாங்க. டாக்டருக்கும் அதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரியில 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' வெளியிட்டாங்க. 480 மார்பகப் புற்றுநோயாளிகள்கிட்ட இருந்து 960 மாதிரிகள் படிச்சு, தரவைப் பொதுவுல வெச்சிருக்காங்க. நல்ல ஆரம்பம். 480ல இருந்து ஆயிரக்கணக்குக்குப் போக, படிக்கிற ஆள் வேணும்.

ரெண்டாவது உதாரணம் நம்ம ஊருக்கு ரொம்பப் பக்கம்: பஞ்சு. ஷாங்காய்ல ஜவுளி ஆலைகள்ல வேலை பார்த்த 2,67,400 பெண்களை வருஷக்கணக்காப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2007ல வெளிவந்தது. பஞ்சுத் தூசியில பாக்டீரியாக்கள் விட்டுட்டுப் போற எண்டோடாக்சின்னு ஒரு பொருள் இருக்கும். அதை அதிகமா, அதிக காலம் சுவாசிச்ச பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு குறைவா இருந்தது. எதிர்பார்க்காத முடிவு. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அது எப்படியோ உசுப்பி விடுதோன்னு ஒரு கருத்து இருக்கு. உடனே மில் தூசி நல்லதுன்னு யாரும் எடுத்துக்க வேணாம். அதே தூசிதான் பிசினோசிஸ்ங்கிற நுரையீரல் நோயைக் கொடுக்குது. திங்கக்கிழமை ஷிப்ட் ஏறுனா நெஞ்சு இறுக்கம்னு சொல்ற ஆளுங்க அந்த நோயோட அடையாளத்தைத்தான் சொல்றாங்க.

இதைப் படிச்சதும் எனக்கு வந்த கேள்வி, ராஜபாளையத்துல யாருக்கும் வரும். ராஜபாளையம் மில்ஸ் 1936ல தொடங்கினது. பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி நாடு பூரா ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. மூணு தலைமுறையாப் பஞ்சை சுவாசிச்ச ஊர் இது. இங்க பெண்கள்ல புகைபிடிக்கிறவங்க ரொம்பக் குறைவு, ஆனா விறகடுப்புப் புகையில வருஷக்கணக்கா நின்னவங்க அதிகம். ஷாங்காய்ல பார்த்தது இங்கயும் இருக்குமா? விறகுப் புகை கணக்கை மாத்துமா? ப்ளோ ரூம்ல வேலை பார்த்தவங்களையும் ரிங் ஸ்பின்னிங்ல வேலை பார்த்தவங்களையும் ஒரே மாதிரி எண்ணலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்கணும்னா, அந்த ரெண்டு இடத்துலயும் தூசி ஒரே அளவு இல்லன்னு தெரிஞ்சிருக்கணும். மில்லுக்குப் போயிட்டு வந்து தலைமுடியில பஞ்சைத் தட்டுற அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்.

எல்லாத் தரப்புல இருந்தும் ஆள் வரணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். ஒரு ஊர்ல இருந்து ஆள் வரலன்னா அந்த ஊரோட கேள்வியும் வராது.

திண்டுக்கல்ல நடந்தது

இதுக்கு நம்ம பக்கத்துலயே நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் மாவட்டத்துல 2000ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில இருக்குற ஒரு சமுதாய மருத்துவ மையமும், பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்குற பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து செஞ்சாங்க. முதல் ஆசிரியர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துல வேலை பார்த்துட்டு லியோன் போனவர்.

கேள்வி எளிமையானது. பணக்கார நாடுகள்ல பாப் ஸ்மியர் பரிசோதனை இருக்கு. அதுக்கு லேப் வேணும், பயிற்சி பெற்ற கண் வேணும், முடிவு சொல்லத் திரும்பக் கூப்பிடணும். அதெல்லாம் இல்லாத கிராமத்துல என்ன செய்யுறது? வினிகர்ல இருக்குற அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலா கர்ப்பப்பை வாய்ல தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தா, மாற்றம் அடைஞ்ச இடம் வெள்ளையாத் தெரியும். வெறுங்கண்ணாலயே பார்க்கலாம். அங்கேயே சிகிச்சையும் ஆரம்பிக்கலாம். இது உயிரைக் காப்பாத்துமா?

மாவட்டத்துல 114 பகுதிகளைப் பிரிச்சு, குலுக்கல் முறையில பாதிக்குப் பரிசோதனை, மீதிக்கு வழக்கமான கவனிப்பு. 30ல இருந்து 59 வயசு வரை உள்ள பெண்கள். பரிசோதனை செஞ்சது பயிற்சி பெற்ற நர்சுகள். 2007ல 'லான்செட்' இதழ்ல முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதிகள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைஞ்சது, அதனால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சது.

இதை நான் பிள்ளைங்ககிட்ட மூணு பாடமாச் சொல்றதுண்டு.

ஒண்ணு, பயிற்சின்னா என்னன்னு இது காட்டுது. அந்த நர்சுகள் பெரிய ஆய்வகத்துல இருந்து வந்தவங்க இல்ல. ஒரு திட்டமான வேலையை, ஒரே அளவுகோலோட, ஆயிரக்கணக்கான தடவை சரியாச் செஞ்சு, ஒவ்வொண்ணையும் பதிவு பண்ணினாங்க. ஆராய்ச்சியோட முதுகெலும்பு அந்தப் பதிவுதான். அம்பிளிக்கையில ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்ததாலதான் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தாங்கன்னு பின்னாடி எண்ண முடிஞ்சது.

ரெண்டு, எண்ணிக்கைக்குள்ள இருக்குற அடுத்த கேள்வி. பரிசோதனைப் பகுதிகள்ல தகுதியுள்ள பெண்கள் 49,311 பேர். வந்தவங்க 31,343. ஏறக்குறைய 18,000 பேர் வரல. ஏன் வரல? நாத்து நடவா, வெட்கமா, மாமியார் விடலையா, 'நோய்னு சொல்லிட்டா என்ன பண்றது'ங்கிற பயமா? அந்த 18,000 பேர்கிட்டப் போய், அவங்க பேச்சுலயே பேசி, அவங்க சொல்றதைத் தரவா மாத்துறதும் புற்றுநோய் ஆராய்ச்சிதான். அதுக்கு மைக்ரோஸ்கோப் வேணாம். கிராமத்துத் திண்ணையில உட்காரத் தெரியணும். நம்ம பக்கம் பாதிப் பேர் இந்த நோயைப் பேர் சொல்லிச் சொல்லவே மாட்டாங்க. 'கட்டி'ம்பாங்க, 'புத்து'ம்பாங்க, 'அந்த வியாதி'ம்பாங்க. ராஜபாளையத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுற குடும்பங்கள் வேற நிறைய. கேள்வித்தாள் எழுதுறவருக்கு இது தெரியலன்னா பதில் தப்பாத்தான் வரும்.

மூணாவது பாடம் கொஞ்சம் கசப்பு. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல்னு இந்தியாவுல நடந்த இந்த மாதிரி மூணு ஆய்வுகள் மேலயும் பின்னாடி கடுமையான விமர்சனம் வந்தது. பரிசோதனை கிடைக்காத குழுவுல இருந்த பெண்கள்லயும் நோய் வந்து இறந்தவங்க இருக்காங்க. பாப் ஸ்மியர் வேலை செய்யும்னு தெரிஞ்ச பிறகும் ஒரு குழுவுக்கு எதுவும் கொடுக்காம விடலாமான்னு கேட்டாங்க. அப்போ நாட்டுல அரசுப் பரிசோதனைத் திட்டமே கிடையாது, அதனால அந்தக் குழு வழக்கத்தைவிட எதையும் இழக்கலன்னு ஆய்வாளர்கள் தரப்புல பதில் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் படிக்க வேண்டியது. ஆனா இந்த விவாதம் நடந்தது மருத்துவ இதழ்கள்ல, ஆங்கிலத்துல. யாரைப் பத்தி விவாதமோ அவங்க வீட்டுப் பொண்ணு அந்த மேசையில உட்கார்ந்து ஆய்வைத் திட்டமிட்டிருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பாளா? எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில ஒருத்தி இருக்கணும்னு மட்டும் உறுதியாச் சொல்லுவேன்.

வாசலைத் திறந்தவங்க

தமிழ்நாட்டுல புற்றுநோய்த் துறையே வெளியில நிறுத்தப்பட்டவங்களால உருவானதுதான். புதுக்கோட்டையில 1886ல பிறந்த முத்துலட்சுமி ரெட்டியோட அம்மா தேவதாசி மரபுல வந்தவங்க. பொண்ணுன்னும் பிறப்பைச் சொல்லியும் மகாராஜா கல்லூரியில சேர்க்க எதிர்ப்பு வந்தது, அதைத் தாண்டிச் சேர்ந்தாங்க. 1912ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம். 1923ல தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தாங்க. அந்த இழப்புல இருந்து 30 வருஷத்துக்கு மேல முயற்சி பண்ணி, 1954 ஜூன் 18ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோட திறந்தது. அடுத்த வருஷம் வி. சாந்தா அங்க சேர்ந்தாங்க. 2021 ஜனவரியில 93 வயசுல இறக்குற வரைக்கும் அந்த வளாகம்தான் அவங்க வீடு.

சாந்தாவைப் பத்திப் பேசும்போது எல்லாரும் சேவையைச் சொல்வாங்க. நான் பயிற்சியைச் சொல்லுவேன். 1984ல அங்க ஆரம்பிச்ச கல்லூரியிலதான் புற்றுநோய் மருத்துவம், புற்றுநோய் அறுவைசிகிச்சை ரெண்டுக்கும் நாட்டுலயே முதல் உயர்நிலைப் படிப்புகள் வந்தது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடும் அதே எண்பதுகள்ல அங்கதான் தொடங்கினது. 2012ல இருந்து மாநிலம் முழுக்கப் பதிவேட்டை விரிக்கிற திட்டத்தை ஒருங்கிணைக்கிறதும் அவங்கதான். நம்ம விருதுநகர் மாவட்டத்து நோயாளியும் இப்போ அந்த எண்ணிக்கைக்குள்ள வர்றார்.

இன்னொரு பேர்: சியாமளா கோபாலன். 1938ல சென்னையில பிறந்து, டெல்லி லேடி இர்வின் கல்லூரியில ஹோம் சயின்ஸ் படிச்சவங்க. 19 வயசுல, 1958ல, அமெரிக்காவுல பெர்க்லி போய் 1964ல முனைவர் பட்டம் வாங்கினாங்க. வாழ்நாள் முழுக்க மார்பகப் புற்றுநோயில ஹார்மோன் ஏற்பிகள் பத்தி ஆராய்ச்சி. மகள் கமலா ஹாரிஸ் துணை அதிபர் ஆனதால பேர் வெளியில தெரிஞ்சது. சமையலும் தையலும் படிக்கிற படிப்புன்னு ஒதுக்குற ஹோம் சயின்ஸ்ல இருந்து மூலக்கூறு ஆய்வகத்துக்குப் போனாங்க. இதைச் சொன்னா பிள்ளைங்க முகம் மலரும். கூடவே இன்னொண்ணும் சொல்லணும்: அவங்க அப்பா மத்திய அரசு அதிகாரி. ஆங்கிலம் வீட்டுலயே இருந்தது. விண்ணப்பம்னா என்னன்னு தெரிஞ்ச வீடு. பொண்ணுங்கிற தடையை அவங்க தாண்டினாங்க. பணம், மொழி, தகவல்ங்கிற மத்த மூணு தடையும் அவங்க முன்னாடி இந்த அளவுக்கு இல்ல. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு நாலும் ஒண்ணா நிக்குது.

எங்க ஒழுகுது?

இப்போ வழி. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைக்கு ரெண்டு பெரிய பாதை இருக்கு. ஒண்ணு, ஐசர் மாதிரி நிறுவனங்கள்ல 5 வருஷ ஒருங்கிணைந்த படிப்பு. நமக்குப் பக்கத்துல திருவனந்தபுரத்துலயும் திருப்பதியிலயும் இருக்கு. நுழைவுத்தேர்வு தனி, நீட் இல்ல. ரெண்டாவது, இங்கேயே பி.எஸ்சி. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, விருதுநகர், சிவகாசி கல்லூரிகள், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம்னு பஸ் தூரத்துலயே கிடைக்கும். அப்புறம் எம்.எஸ்சி. அதுக்கு மேல சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது உயிரித்தொழில்நுட்பத் துறை நடத்துற தேர்வு எழுதி, உதவித்தொகையோட பிஎச்.டி. அடையாறு, நவி மும்பையில டாடா நினைவு மையத்தோட ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக், திருவனந்தபுரம் மண்டல மையம்னு போகலாம்.

காகிதத்துல அழகா இருக்கு. நான் பார்த்த வரைக்கும் மூணு இடத்துல ஒழுகுது.

முதல் ஒழுகல் பணம், அதுலயும் குறிப்பா எம்.எஸ்சி. ரெண்டு வருஷம். அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரை படிச்ச பெண்களுக்கு 2022 செப்டம்பர்ல இருந்து 'புதுமைப் பெண்' திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. பையன்களுக்கு 2024ல இருந்து 'தமிழ்ப் புதல்வன்'. இது முதல் பட்டம் வரைக்கும் கை கொடுக்கும். பிஎச்.டி. சேர்ந்து ஜே.ஆர்.எஃப். கிடைச்சா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் 42,000. மில் வேலைச் சம்பளத்தோட ஒப்பிட்டா நல்ல தொகை. ஆனா நடுவுல இருக்குற ரெண்டு வருஷம் வெறும் செலவு. 'டிகிரி முடிச்சாச்சு, இனி வேலைக்குப் போ' அல்லது 'மாப்பிள்ளை பார்த்தாச்சு'ன்னு வீட்டுல சொல்றதும் சரியா அந்த இடத்துலதான். மத்திய அரசோட இன்ஸ்பயர் உதவித்தொகை அடிப்படை அறிவியல் படிக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 80,000 ரூபாய். பிளஸ் டூவுல மேல் 1 சதவீதத்துக்குள்ள வந்தவங்களுக்கு பி.எஸ்சி.யில இருந்து எம்.எஸ்சி. வரைக்கும் வரும். பள்ளியிலயே சொல்லிட்டா போதும், பல பேருக்குத் தெரியவே தெரியாது. எந்தப் பாடமெல்லாம் பட்டியல்ல இருக்குன்னு காலேஜ்ல சேருறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்.

ரெண்டாவது ஒழுகல் மொழி. நீட் கேள்வித்தாள் தமிழ்ல கிடைக்குது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆங்கிலத்துலயும் இந்தியிலயும் மட்டும்தான். தமிழ் வழியில படிச்சு பி.எஸ்சி. வந்த பிள்ளை, அஞ்சு வருஷத்துக்குள்ள ஆங்கிலத்துல யோசிச்சுப் பதில் எழுதணும். இந்தி வழிப் பிள்ளைக்கு அந்தச் சுமை இல்ல. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்துலதான் இருக்கு, அதைப் படிக்கப் பழகத்தான் வேணும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா வாசல்லயே மொழியைக் காட்டி வடிகட்டுறதும், உள்ள வந்த பிறகு மொழியைக் கத்துக் கொடுக்கிறதும் ஒண்ணு இல்ல.

மூணாவது ஒழுகல் தகவல். சென்னையில பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு நாட்டோட மூணு அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை பத்திச் சாப்பாட்டு மேசையிலயே தெரிஞ்சிடும். ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியோட ஆய்வகத்துல வேலை. அந்த ரெண்டு மாசத்துல ஒரு பிள்ளை மாறுற மாதிரி மூணு வருஷப் பாடத்துல மாறுறதில்ல. நம்ம பக்கம் அந்த விண்ணப்பத்தைப் பத்திக் காதுல விழும்போது கடைசித் தேதி முடிஞ்சிருக்கும்.

ஒரு நல்ல செய்தியையும் சேர்த்துக்கணும். 2020ல வந்த சட்டத்தால அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தது. நம்ம மாவட்டத்துலயே, நம்ம மாதிரி வீட்டுல இருந்து வந்த டாக்டர்கள் உருவாகப் போறாங்க. அவங்கள்ல சில பேருக்காவது ஆராய்ச்சி ஆசை வரணும். அதுக்கு டாக்டர் இல்லாத கூட்டாளிகளும் இதே ஊர்ல இருந்து வரணும்.

இங்கேயே என்ன ஆரம்பிக்கலாம்?

பெரிய ஆய்வகம் இல்லாம ஆரம்பிக்க முடியாதுன்னு நினைக்க வேணாம். மேல சொன்ன அமெரிக்க மரபணுத் தரவை 'சிபயோபோர்ட்டல்'னு ஒரு இணையதளத்துல யாரும் இலவசமாப் பார்க்கலாம். 'ஆர்' மொழியும் இலவசம். காலேஜ் லேப்ல இருக்குற ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும். டி.பி.53 மரபணு எத்தனை சதவீதக் கட்டிகள்ல மாறியிருக்குன்னு ஒரு மதியத்துல கண்டுபிடிச்சிடலாம். கண்டுபிடிச்ச பிள்ளை அடுத்து 'இதுல இந்தியர் எத்தனை பேர்?'னு கேட்கும். அப்போ பயிற்சி ஆரம்பிச்சாச்சு.

ரெண்டாவது, மாசம் ஒரு ஆய்வுக்கட்டுரை. ஆங்கிலத்துல படிச்சு, தமிழ்ல விளக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சின்னக் கூட்டத்தோட இதைச் செஞ்சு பார்த்ததுல எனக்குத் தெரிஞ்சது: தமிழ்ல விளக்க முடியாத இடம் பெரும்பாலும் ஆங்கிலத்துலயே புரியாத இடம்தான். 'ரிஸ்க்' குறைஞ்சதுன்னு வாசிச்சுட்டுப் போன பிள்ளைகிட்ட "எத்தனை பேருக்கு எத்தனை பேர் குறைஞ்சது, எங்க ஆச்சிக்குச் சொல்ற மாதிரி சொல்லு"ன்னா மறுபடி அட்டவணையைப் பார்க்கப் போகும். மருத்துவப் புள்ளியியல்ல பாதி அந்த அட்டவணைக்குள்ள இருக்கு.

மூணாவது என் தொழில் சார்ந்தது. பதிவேட்டுல ஒரே ஆள் ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு நோயாளியா எண்ணிடக் கூடாது. பேரை வெச்சுப் பொருத்தணும். வெளிநாட்டு மென்பொருள் குடும்பப்பேரை எதிர்பார்க்கும். நமக்குக் குடும்பப்பேர் கிடையாது, இனிஷியல்தான், அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம் மாறும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் எத்தனை பேர், ராஜபாளையத்துல ராஜான்னு முடியுற பேர் எத்தனை! மாரியம்மாளை ஒரு இடத்துல மாரியம்மான்னும் இன்னொரு இடத்துல மாரிம்மாள்னும் எழுதியிருப்பாங்க. தமிழ்ப் பேர்களைச் சரியாப் பொருத்துற ஒரு புரோகிராம் நல்ல முதுநிலைத் திட்டப்பணி. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை தன்னை அறியாமலே புற்றுநோய் ஆராய்ச்சிக்குள்ள வந்துடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைங்களைத் தேர்வுக்குத் தயார் பண்ணுங்க, அது வேணும். ஆனா அவங்க கொண்டு வர்ற கேள்வியை 'இது சிலபஸ்ல இல்ல'ன்னு திருப்பி அனுப்பாதீங்க. நோட்டுல எழுதச் சொல்லுங்க. தேர்வு ஒருத்தரை வாசல் வரைக்கும் கொண்டு போகும். உள்ள போன பிறகு, பத்து வருஷம் ஒரு விஷயத்தோட மல்லுக்கட்டுற பிடிவாதம் அந்தச் சொந்தக் கேள்வியில இருந்துதான் வரும்.

சென்னைக்குப் போற பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் நின்னு போகுது. ராத்திரி ஏறி காலையில எழும்பூர்ல இறங்கி அடையாறு போற நோயாளிகளும் துணைக்குப் போறவங்களும் அதுல எப்பவும் இருப்பாங்க. அதே வண்டியில, அதே அடையாறுக்கு, படிக்கவும் ஆராய்ச்சி பண்ணவும் போற பிள்ளைங்களும் ஏறணும். கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமா வருஷக் கடைசியில திறக்கும். பி.எஸ்சி. படிக்கிற பிள்ளை உங்க வீட்டுல இருந்தா, இல்ல பக்கத்து வீட்டுல இருந்தா, தீபாவளி முடிஞ்சதும் ஞாபகப்படுத்துங்க.